மறு: எச்.டி.எல்.லுக்குத் தமிழ் – ‘அடர்கடவம்’ சரிவருமா?

அண்ணாச்சி,

> ஊரே ‘நல்ல கொழுப்பு’ என்கிறது. அதையே வைத்துவிட்டுப் போயேன்.

எச்.டி.எல். என்பது ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் துகள்களில் ஒரு வகை. முதலில் அதை அப்படித்தான் எழுதினேன். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்களுக்கான துண்டறிக்கை, எளிதாக இருக்கட்டும் என்று. இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். பெண்ணுக்கு எச்.டி.எல். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு (ஆணுக்கு 40) என்று சொல்லியாயிற்று. அடுத்து, டார்செட்ரபிப் என்ற மருந்து இந்த எண்ணை நன்றாகவே ஏற்றியும், சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் சோதனையை நிறுத்தினார்கள் என்று எழுத வேண்டும். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, அது தனிக் கதை. ஆனால் எல்.ஐ.பி.ஜி. மரபணுவில் ஒரு மாற்றத்தால் பிறவியிலேயே எச்.டி.எல். கூடுதலாக உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் ஆய்வு வந்ததே? ‘நல்ல’ என்று பேர் வைத்துவிட்டு இதை எந்த வாயால் சொல்வது!

நேர் மொழிபெயர்ப்பான ‘உயரடர்த்திக் கொழுப்புப்புரதம்’ பிழையில்லை. கொழுப்பா, புரதமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். உண்மையில் அது சுமக்கிற பாத்திரம். நம் கடற்கரைப் பெண்கள் தலையில் மீன் சுமந்துவந்த ஓலைக் கடவம்தான் எனக்கு நினைவு வந்தது. கொழுப்பு லேசு, புரதம் கனம். எச்.டி.எல்.லில் ஏறக்குறைய பாதி புரதம் என்பதால் அடர்த்தி கூடுகிறது. ஆகவே ‘அடர்கடவம்’. இந்தச் சொல்லில் ஒரு வசதி உண்டு: லேபில் வழக்கமாக அளப்பது கடவங்களின் எண்ணிக்கையை அல்ல, உள்ளே கிடக்கும் கொலஸ்டிரால் சரக்கை. ‘நல்ல கொழுப்பு’ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

சி.இ.டி.பி. என்ற ரத்தப் புரதத்துக்கு ‘பண்டமாற்றுப் புரதம்’ என்று போட்டிருக்கிறேன். அடர்கடவத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்து வேறு கடவத்தில் போட்டு, பதிலுக்கு ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பைத் தள்ளிவிடுகிற வேலை அதற்கு. எங்கள் ஆச்சி மீன் கொடுத்து மரச்சீனிக் கிழங்கு வாங்கிவந்த மாதிரி. சர்க்கரை நோயிலோ பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறிலோ ட்ரைகிளிசரைடு ஏறினால் பண்டமாற்றும் ஏறும். அப்படி ட்ரைகிளிசரைடு நிறைந்த கடவத்தை ஈரல் நொதி அரித்துச் சிறிதாக்கும், பிறகு அது சீக்கிரம் கழிந்துபோகும். ஈஸ்ட்ரோஜன் அந்த நொதியை அடக்கி வைக்கும். பெண்ணுக்கு எண் கூடுதலாக இருக்க அதுவும் ஒரு காரணம். டார்செட்ரபிப் தடுத்ததும் இதே பண்டமாற்றைத்தான்.

இந்தப் புரதத்தின் மரபணு எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே அடுப்பில் அதே தேங்காய் எண்ணெயில் சமைத்துச் சாப்பிடும் மாமியாருக்கு 60, மருமகளுக்கு 38 என்று வருவது சாப்பாட்டால் மட்டுமல்ல. ‘நீ எண்ணெயைக் குறை’ என்று மருமகளைத் திட்டும் வீடுகளுக்காகவே இந்தப் பத்தியைச் சேர்த்தேன்.

---

மக்கா,

பண்டமாற்றுப் புரதம் அருமை, வைத்துக்கொள்ளலாம். கடவம்தான் இடிக்கிறது. திருநெல்வேலி தாண்டினால் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் ஊரிலேயே மீன் இப்போது அலுமினியப் பாத்திரத்தில்தானே வருகிறது? ‘அடர்கூடை’ என்று மாற்றிப் பார்.

அப்புறம், அந்த ‘சரக்கு’. துண்டறிக்கையில் ‘உங்கள் சரக்கு 38’ என்று அடித்துவிடாதே. வீட்டுக்காரருக்கு வந்த தாள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.