புதுப்பிப்பு: மகளின் ஆங்கிலப் பாடத்திட்டம்

வாசிப்பில் நான்கு வகுப்பு முன்னால், எழுதுவதில் வயதுக்கேற்ற நிலை. வீட்டிலேயே படிக்கும் என் 9 வயது மகளுக்கு எந்த ஆங்கிலப் பாடத்திட்டம் சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். எல்லாம் அடங்கிய ஒரே தொகுப்பை வாங்கச் சொன்னீர்கள். வாங்கவில்லை.

அவள் வாசிப்புக்கேற்ற தொகுப்பை எடுத்தால், அதே நிலையில் கட்டுரையும் எழுதச் சொல்கிறது. அங்கேதான் இடித்தது. அதனால் பாடத்தைப் பிரித்துவிட்டேன்.

இலக்கணத்துக்கு நாளுக்கு ஒரே வாக்கியம். முதலில் ஒவ்வொரு சொல்லும் என்ன வகை, பிறகு எழுவாய் பயனிலை, அப்புறம் சொற்றொடர்கள், கடைசியில் கிளவியங்கள் (வாக்கியத்துக்குள் தனி எழுவாய் பயனிலையோடு வரும் பகுதிகள்) என நான்கு அடுக்காகப் பிரிக்கிறாள். பத்து நிமிடம்தான். முன்பு 30 கேள்விப் பயிற்சியில் ஐந்தாவதிலேயே முகம் சுருங்கிவிடும். புரிந்துகொண்டதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னதுதான் தவறு, அவளுடைய சோம்பல் இல்லை.

சொல்வளத்துக்கு கிரேக்க, லத்தீன் வேர்கள். ‘டெலி’ என்றால் தொலைவு, ‘கிராஃப்’ என்றால் எழுத்து என்று சொன்னதும் டெலிகிராஃபை அவளே அவிழ்த்துவிட்டாள்.

கட்டுரையை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். (என் வேகம் கூடியது தனிக்கதை.) அதில் ஒரு பத்தியை மட்டும் கையால் எழுதுகிறாள். கைக்காக யோசனை காத்திருப்பதில்லை.

எழுதியதைத் திருத்தச் சொன்னால் மட்டும் இன்னும் சண்டைதான்.