புதுப்பிப்பு: முன்சக்கர முனகல் இடது பேரிங்கிலிருந்துதான் வந்தது

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும்போது, எங்கள் பழைய பிக்கப்பின் முன்சக்கரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு முனகல் எழுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பிரேக் பேடாக இருக்கலாம் என்று பலர் சொன்னீர்கள். ஆனால் பிரேக்கை அழுத்தியபோதும், கிளட்சை மிதித்து வண்டியைத் தன்போக்கில் ஓடவிட்டபோதும் சத்தம் மாறவில்லை.

துப்புக் கொடுத்தவை மலை வளைவுகள்தாம். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின்மேல் சாய்வதால், அந்தப் பக்கத்தில் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் பழுதாகியிருந்தால் பெரும்பாலும் சத்தம் கூடும். இடப்பக்கம் திரும்பினால் குறையும். எங்கள் வண்டியில் அப்படியே நடந்தது. ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதியான நக்கிளின்மேல் ஒரு கையை வைத்தபடி சக்கரத்தைச் சுற்றியபோது, மணல் அரைபடுவதுபோன்ற அதிர்வு விரலில் தெரிந்தது.

சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றினோம். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு கிழிந்து, மழைநீர் புகுந்து, கிரீஸ் பால் விட்ட தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. பேரிங்கின் உருளைகள் ஓடும் வெளிவளையமான கப்பின் உட்புறத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. உள், வெளி இரண்டு டேப்பர் (கூம்பு உருளை) பேரிங்குகளையும் கப்போடு சேர்த்தே மாற்றினோம். பழைய கப்பில் புதிய பேரிங்கைப் பொருத்துவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். ஹப்பைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, மீண்டும் மெல்ல முடுக்கி, நட்டு கழலாமல் பூட்டும் புதிய பின்னைப் போட்டோம்.

நேற்று காய்கறிப் பாரத்தோடு புனலூர் வரை போய்வந்தோம். முனகல் இல்லை, இறங்கித் தொட்டுப்பார்த்தபோது இரண்டு ஹப்புகளிலும் ஒரே அளவு சூடுதான் இருந்தது.