ஜென்னில் "இரண்டல்ல" என்கிறார்களே, அப்புறம் ஏன் எனக்கு இன்னும் கோபம் வருகிறது?

மாடிவீடு:
போன மாதம் ஐந்து நாள் ஜென் பௌத்தத் தியான அமர்வுக்குப் போய்வந்தேன். காலை 4.30-க்கு மணி அடிப்பார்கள், 25 நிமிடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கொஞ்சம் மெதுநடை நடந்து, மறுபடி உட்கார்ந்து, ராத்திரி வரைக்கும் இதேதான், பேச்சே கிடையாது. மூன்றாம் நாள் முட்டி வலியில் உயிர் போனது. நான்காம் நாள் காலையில் தகரக் கூரைமேல் ஒரு காக்காய் தத்தித் தத்தி நடக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கேட்கிறவன் என்று தனியாக ஒருத்தன் இல்லை. வலி இருந்தது, ஆனால் அதோடு சண்டை இல்லை. மணி அடித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள், கீழ்வீட்டுக்காரர் என் வண்டியை நகர்த்தி வெயிலில் நிறுத்திவிட்டார் என்று தெருவே பார்க்கக் கத்தினேன். இன்பம் துன்பம், நல்லது கெட்டது எல்லாம் மனம் போட்ட கோடுதான் என்றால், அழிந்த கோடு எப்படித் திரும்பி வருகிறது? நான் பார்த்தது வெறும் மயக்கமா? எல்லாம் ஒன்று என்றால் சரி தப்புக்குத்தான் என்ன அர்த்தம்?

ஆற்றுமணல்:
மயக்கம் என்று நான் சொல்லமாட்டேன். அதைப் பெரிய ஞானம் என்றும் தூக்கிவைக்காதீர்கள். ஜப்பானில் இதற்கு கென்ஷோ என்று பெயர், இயல்பைக் காண்பது, அதிலேயே மேலோட்டம் ஆழம் என்று நிறைய உண்டு, சொல்ல வேண்டியது உங்கள் ஆசிரியர்தான்.

உங்கள் கேள்வி பழைய கேள்வி. 9-ஆம் நூற்றாண்டில் தோங்ஷான் என்ற சீன ஆசிரியரிடம் ஒரு துறவி, குளிரும் வெயிலும் வந்தால் எப்படித் தப்பிப்பது என்று கேட்டான். குளிரும் வெயிலும் இல்லாத இடத்துக்குப் போயேன் என்றார். அது எங்கே இருக்கிறது என்றதற்கு, குளிரும்போது குளிர் உன்னைக் கொல்லட்டும், கொதிக்கும்போது வெயில் கொல்லட்டும் என்றார். நீங்கள் இரண்டுக்கும் அப்பால் ஏசி போட்ட மூன்றாவது அறை ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். முட்டி வலியோடு சண்டை நின்றது என்று எழுதினீர்களே, வலி போகவில்லை பாருங்கள், அதேதான்.

அப்புறம், "இரண்டல்ல" என்பதை உடனே "எல்லாம் ஒன்று" என்று மாற்றிக்கொள்கிறோம், நமக்கு அத்வைதம் கேட்டுப் பழகிய காது. ஜாவ்ஜோ என்ற இன்னொரு சீன ஆசிரியரிடம் ஒருவன், எல்லாம் ஒன்றில் போய்ச் சேர்கிறது, அந்த ஒன்று எங்கே போய்ச் சேரும் என்று கேட்டான். சிங்ஜோ ஊரில் இருந்தபோது ஒரு சணல் அங்கி தைத்துக்கொண்டேன், ஏழு ஜின் (சீன எடை அளவு) எடை என்றார் அவர். ஒன்றையும் பிடித்துக்கொள்ள விடமாட்டார்கள்!

கறார்பேர்வழி:
கதை எல்லாம் அருமை, ஆனால் அவருடைய கடைசிக் கேள்வியை அழகாகத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஜென் பெரியவர்கள் பலர் வெளிப்படையாகப் போரை ஆதரித்தார்கள், கொல்பவனும் இல்லை கொல்லப்படுபவனும் இல்லை என்கிற மாதிரிப் பேச்சு அப்போது நன்றாக விலைபோனது. ஜென்னின் சோட்டோ பிரிவு அதற்காக வருந்தி அறிக்கை விட்டது 1992-இல், இன்னொரு பிரிவான ரின்சாயின் மியோஷின்ஜி மடம் மன்னிப்புக் கேட்டது 2001-இல். எதிரெதிர் எல்லாம் கரைந்தவர்களுக்கு அத்தனை வருடம் என்ன ஆயிற்று? எனக்கு இந்த அனுபவத்தின் மேல் சந்தேகம் இல்லை, அதை வைத்துக்கொண்டு ஒழுக்கத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆற்றுமணல்:
ஒப்புக்கொள்கிறேன், தாண்டித்தான் போனேன். 1228-இல் தொகுத்த 48 கோவான்களில், அதாவது ஜென் ஆசிரியர்கள் சீடர்களுக்குக் கொடுக்கும் புதிர்க் கதைகளில், இரண்டாவதே இதைத்தான் பேசுகிறது. பாய்ஜாங் என்ற சீன ஆசிரியர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு கிழவர் நின்று கேட்பார். ஒருநாள் வாயைத் திறந்தார். முன்னொரு காலத்தில் இதே மலையில் நான் தலைவன், ஞானி வினைப்பயனுக்குள் விழுவானா என்று ஒருவன் கேட்டான், விழமாட்டான் என்றேன், 500 பிறவி நரியாகப் பிறந்தேன், நீங்கள் சரியான சொல்லைச் சொல்லுங்கள் என்றார். பாய்ஜாங், வினைப்பயனைக் கண்டும் காணாமல் இருக்கமாட்டான் என்றார். கிழவருக்கு அதில் விடிந்தது. அப்புறம் மலைக்குப் பின்னால் செத்துக்கிடந்த நரியை எடுத்து, துறவிக்குச் செய்கிற மாதிரியே எரித்தார்கள். போரை ஆதரித்தவர்களும் இதைப் பாடமாகக் கேட்டு வளர்ந்தவர்கள்தான், அதுதான் எனக்கு நெருடல்.

மாடிவீடு:
நரிக் கதை சுருக்கென்று தைத்தது. கோபம் வந்ததற்கு இத்தனை யோசித்தேனே, கீழ்வீட்டுக்காரரிடம் போய் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. சாயங்காலம் போனேன். வண்டி இருந்த இடத்தில் தண்ணீர் லாரி நிற்க வேண்டியிருந்ததாம், காப்பி கொடுத்து அனுப்பினார். ஆமாம், முட்டி வலிக்கு ஏதாவது வழி உண்டா?

கறார்பேர்வழி:
தலையணையை இரண்டாக மடித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள், இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள், நான் நாற்காலிதான்.