மறு: ‘சுருள் மேற்கோள்’ வேண்டாம், ‘சுழி மேற்கோள்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

“ ” என்று வளைந்து வரும் மேற்கோள் குறிகளுக்கு (ஆங்கிலத்தில் curly quotes) ‘சுருள் மேற்கோள்’ என்று பெயர் வைக்கலாம் என்று இங்கே ஒரு யோசனை வந்தது. அந்தச் சொல்லுக்கு என் ஓட்டு இல்லை. சுருள் என்றால் வெற்றிலைச் சுருள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. “ என்ற குறி அப்படியா இருக்கிறது? ஒரு குண்டு, அதிலிருந்து ஒரு வால். நம் எழுத்தில் இதற்குப் பெயர் ஏற்கெனவே உண்டு: சுழி. காரைக்குடியில் எங்கள் அச்சுக் கடைக்கு வரும் கல்யாணப் பத்திரிகை எல்லாம் பிள்ளையார் சுழியில்தான் தொடங்குகிறது. ஆகவே ‘சுழி மேற்கோள்’. தொடக்கச் சுழி, முடிப்புச் சுழி என்று பிரிக்கவும் வசதி. சுழியம் (பூஜ்யம்) என்று குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பக்கத்திலேயே மேற்கோள் என்று வருகிறதே, குழம்பாது.

அதன் எதிர்ப்பக்கம் இருப்பது " என்ற நேர் மேற்கோள். தட்டச்சுப்பொறியில் சாவியை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கத்துக்கும் ஒரே குறியை வைத்தார்கள். கணினியும் அதையே ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டுப் பட்டியலில் 34ஆம் எண்ணாக வாங்கிக்கொண்டது. ஈய எழுத்துக் காலத்தில் இந்தப் பஞ்சம் இல்லை. காற்புள்ளியைத் தலைகீழாகத் திருப்பிக் கோத்தால் தொடக்கக் குறி தயார்.

போன வருஷம் ஒரு ஆச்சி, சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாண) மலருக்கு மெய்ப்புப் பார்க்க வந்தார். அவருடைய அப்பச்சி (அப்பா) சொன்ன வார்த்தைகளை நேர் மேற்கோளுக்குள் போட்டிருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “என்ன தம்பி, அப்பச்சி பேச்சுக்கு ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு வச்சிருக்கே?” என்றார். அன்றிலிருந்து கடையில் அதற்கு ‘ஆணி’ என்றே பெயர்.

அடுத்து, தட்டும்போதே மென்பொருள் சுழியாக மாற்றும் வசதி. ஆங்கிலத்தில் இது smart quotes; ஸ்மார்ட்போனைத் திறன்பேசி என்பதைப் பார்த்து இதையும் ‘திறன்மேற்கோள்’ என்கிறார்கள். அதில் திறன் எங்கே இருக்கிறது? முன்னால் இடைவெளி இருந்தால் தொடக்கச் சுழி, எழுத்து இருந்தால் முடிப்புச் சுழி, ஏறக்குறைய இவ்வளவுதான் அதன் கணக்கு. ’90களில் என்று அடித்தால் ‘90களில் என்று கவிழ்த்து வைக்கும். அங்கே விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0146 தட்டித்தான் சரிசெய்ய வேண்டும். (இரட்டைச் சுழிக்கு 0147, 0148.) 10" ஆத்தங்குடிக் கல் என்று விளம்பரம் போட்டால், அங்குலக் குறிக்கும் வால் முளைத்துவிடும். அந்த நேரத்தில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில் அந்த வசதியை அணைத்துவிட்டு ஆணியையே அடிக்கிறோம்.

எனவே வடிவத்துக்கு ஒரு சொல், வசதிக்கு வேறு சொல் என்று பிரித்துவிடுவோம். வசதிக்கு ‘தன்சுழிப்பு’ என்று வைத்துப் பார்த்தேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கடைப் பையன்கள் ‘ஆட்டோ’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.