கடலூர் டு காசி காரில்: 2018 டிசையர், ஐந்து பேர், மூன்று நாள் போதுமா?

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம். பிப்ரவரி கடைசியில் கடலூரிலிருந்து காசிக்கு சொந்தக் காரில் போய் வரத் திட்டம். வண்டி 2018 டிசையர் பெட்ரோல், 62,000 கிமீ ஓடியிருக்கிறது. நானும் தம்பியும் மாறி மாறி ஓட்டுவோம். கூட அப்பா, அம்மா (இருவருக்கும் 65க்கு மேல்), ஒரு பையன்.

சென்னை, விஜயவாடா வழியா, இல்லை கடப்பா, கர்நூல் வழியா? மூன்று நாளில் போய்ச் சேர முடியுமா? வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்? டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) இன்னும் நன்றாகவே இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் சர்வீஸுக்கு விடுவதாக இருக்கிறேன்.

கோரிமேடு_டிரைவர்:
கடப்பா வழியே போங்க. சென்னை வழியில் பைபாஸைத் தாண்டுவதற்குள் காலை நேரம் போய்விடும், அதற்கப்புறம் நெல்லூர், ஓங்கோல் வரை கனரக லாரிகளோடுதான் ஓட்ட வேண்டும்.

மொத்தம் ஏறக்குறைய 2,000 கிமீ. மூன்று நாள் என்றால் தினம் 650 கிமீக்கு மேல் வருகிறது. அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஐந்து நாளாகப் பிரியுங்க:

முதல் நாள் கடலூர் – கடப்பா, சுமார் 350. புதுச்சேரி ஊருக்குள் இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சந்திப்புகளைக் காலை ஐந்தரைக்குள் தாண்டிவிடுங்க. கோரிமேடு, திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, ராணிப்பேட்டை, அங்கிருந்து சித்தூர். வந்தவாசி, செய்யாறு பக்கம் ஊர்களுக்குள் வேகத்தடை அதிகம், அந்த 100 கிமீக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கணும். ராயச்சோட்டி தாண்டி கடப்பாவுக்கு இறங்கும் குவ்வலசெருவு மலைப்பாதையைப் பகல் வெளிச்சத்திலேயே முடிச்சிடுங்க. லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் நடக்கும் இறக்கம் அது. மூன்றாவது கியரில், தேவைப்பட்டால் இரண்டில், என்ஜின் இழுவையிலேயே இறங்குங்க. முன்னால் லாரி போனால் முந்த வேண்டாம், பின்னால் லாரி வந்தால் ஒதுங்கி வழி விட்டுடுங்க. (ஏறி முடிக்கும் இடத்தில் பால்கோவா கடைகள் வரிசையாக இருக்கும். வண்டிக்கும் ஓய்வு, பையனுக்கும் சந்தோஷம்.)

இரண்டாம் நாள் நந்தியால், கர்நூல் வழியாக ஹைதராபாத், 415 போல வரும். ஊருக்குள் நுழையாதீங்க. சம்ஷாபாத் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறி மேட்சலில் இறங்கி அங்கேயே தங்கினால் மறுநாள் நெரிசலே இல்லாமல் கிளம்பலாம். மூன்றாம் நாள் நிஜாமாபாத் பக்கமாக, ஆதிலாபாத் வழியே நாக்பூர். நான்காம் நாள் ஜபல்பூர் வரை மட்டும், சுமார் 270. இடுப்பு வலி ஆரம்பிக்கும் நாள் அது, குறைவாக வைப்பதே நல்லது. நாக்பூர் – சிவனி நடுவில் பெஞ்ச் காடு வரும். விலங்குகள் கடக்க மேம்பாலமாகவே சாலை போட்டிருக்காங்க, அங்கே எங்கேயும் நிறுத்தக் கூடாது. ஐந்தாம் நாள் கட்னி, ரீவா, ஹனுமனா, மிர்சாபூர், காசி. ஹனுமனா தாண்டியதும் ட்ரம்மண்ட்கஞ்ச் இறக்கம், அங்கேயும் குவ்வலசெருவுக்குச் சொன்னதேதான்.

பிப்ரவரி கடைசி நல்ல தேர்வு. டிசம்பர், ஜனவரியில் ரீவாவுக்கு வடக்கே காலை பத்து மணி வரைகூடப் பனிமூட்டம் விலகாது. மகா சிவராத்திரி எந்தத் தேதி என்று மட்டும் பார்த்துக்கோங்க, அந்த வாரம் காசிக்குள் கார் நகராது.

பழைய_ஸ்பேனர்:
முந்தின நாள் சர்வீஸ் வேண்டவே வேண்டாம். ஆயில் போல்ட் சரியாக முறுக்கவில்லை, ஹோஸ் கிளிப் தளர்வு, ஏர் ஃபில்டர் மூடி பூட்டவில்லை என்பதெல்லாம் முதல் 200 கிமீக்குள் தெரிய வரும். அது சித்தூர் மலையில் தெரிவதைவிட திருவண்ணாமலையில் தெரியட்டும். மூன்று வாரம் முன்பே வேலையை முடித்து, ஐந்து பேரையும் பையையும் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை ஒருமுறை போய் வாங்க. 200 கிமீக்குக் கொஞ்சம் மேலே ஆகும், முழு எடையில் பிரேக், ஏசி, சூடு எல்லாம் தெரிந்துவிடும்.

டயரில் பட்டனை மட்டும் பார்க்காதீங்க. பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் என்ன?

நம்ம கடற்கரைக் காற்றுக்கென்று ஒரு வேலை இருக்கு, சர்வீஸ் பட்டியலில் அது இருக்காது. உப்புக்காற்றில் சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் அச்சு முகப்பு) துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நட்டு நான்கையும் கழற்றினாலும் சக்கரம் வராது. ராத்திரி பஞ்சரானால் ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைக்க வேண்டிவரும், அது ஆபத்து. வீட்டிலேயே ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நடு வளையத்தில் மட்டும் விரல் நுனியளவு கிரீஸை மெல்லிசாகத் தடவுங்க. போல்ட் மரையிலும் பிரேக் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. மரையில் கிரீஸ் இருந்தால் அதே முறுக்குக்கு போல்ட் அதிகமாக இழுபடும். மாட்டியபின் 50-100 கிமீ ஓட்டி நட்டை மறுபடி சரிபாருங்க. வண்டியோடு வந்த ஸ்பேனர் குட்டை, நீளும் கைப்பிடி ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கோங்க.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிடுங்க. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் சூடாகி ஆவிக்குமிழ் வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கூலன்ட்டுக்கு போர்த் தண்ணி ஊற்றியிருந்தால் முழுசாக வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்க. பேட்டரி டெர்மினலில் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவணும். நான்கு வருஷம் தாண்டிய பேட்டரியை லோடு டெஸ்ட் செய்யாமல் எடுத்துப் போகாதீங்க.

மஞ்சக்குப்பம்வாசி:
மிக்க நன்றி. டயரில் 2218 என்று இருக்கிறது. டிக்கி போதாது போலிருக்கிறதே, மேலே கேரியர் போடலாமா? ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுப்பது லாபமா?

பழைய_ஸ்பேனர்:
2018ஆம் வருஷம் 22ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நாக்பூர் பக்கத்து வெயிலில், முழு எடையில், 90 வேகத்தில் மணிக்கணக்காக ஓட்ட அது தாங்காது. நான்கும் புதுசு, அலைன்மென்ட், பேலன்சிங். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்க. புது டயருக்கு 200-300 கிமீ நிதான ஓட்டம் வேணும், திருவண்ணாமலை டிரிப் அதற்கும் ஆச்சு.

நெல்லிக்குப்பம்_95:
கேரியர் வேண்டாம். கூரை தாங்கும் எடை கொஞ்சம்தான், காற்று பிடித்து மைலேஜும் போகும். ஆளுக்கு ஒரு துணிப்பை, சூட்கேஸ் கூடாது. கனமானது டிக்கியின் அடியில், பின்சீட்டை ஒட்டி இருக்கணும். ஸ்டெப்னி எடுக்க என்னென்ன இறக்க வேண்டியிருக்கும் என்று ஒருமுறை செய்தே பாருங்க. முழு எடைக்கான காற்றழுத்தம் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும், காலையில் ஓட்டும் முன் அடிக்கணும். மதியம் சூட்டில் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீங்க. பின்பக்கம் கனத்தால் ஹெட்லைட் மேலே தூக்கும், லெவல் திருகியை இரண்டுக்குக் கொண்டுபோங்க.

பெட்ரோல்: புதுச்சேரியில் விலை குறைவு, ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதிகம். கோரிமேட்டில் நிரப்பி, ராணிப்பேட்டையில் மறுபடி மேலே வரை நிரப்புங்க. உங்க டேங்க் 37 லிட்டர். ஏசியோடு முழு எடையில் லிட்டருக்கு 16 கிடைத்தாலும் 5 லிட்டர் இருப்பு வைத்தால் 500 கிமீதான் கணக்கு. ராணிப்பேட்டையிலிருந்து ஹைதராபாத் 600 வரும், அதனால் கர்நூலில் 10 லிட்டர் போட்டுக்கணும். மத்தியப் பிரதேசத்தைவிட உத்தரப் பிரதேசத்தில் குறைவு, ஹனுமனா வரை சமாளித்து அந்தப் பக்கம் நிரப்புங்க.

வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு வந்தது. 200 முறை சுங்கச்சாவடி கடப்பது அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அதுவரை செல்லும். 2,000 கிமீ போக, 2,000 கிமீ வர என்றால் தாராளமாக லாபம். ராஜ்மார்க்யாத்ரா செயலியில் எடுங்க. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான், ஹைதராபாத் வெளிவட்டச் சாலைக்குத் தனியாகப் பணம் போகும், டேக்கில் இருப்பு இருக்கட்டும். டேக் முடங்கினால், 2025 நவம்பரில் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரட்டிப்பு, யுபிஐக்கு 1.25 மடங்கு.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் தேதியும் திரும்பி வரும் நாள் வரை இருக்கணும். புதுச்சேரி வழியாக வருவதால் டிக்கியில் ஒரு மதுபாட்டில்கூட வேண்டாம், எல்லையில் சோதனை உண்டு. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033க்கு போன் பண்ணுங்க.

காசியில் கோதௌலியா, அனுமன் காட் பக்கமெல்லாம் சந்து, கார் போகாது. கூகுள் காட்டுகிறதே என்று நுழைந்தால் பின்னால் எடுக்கவும் முடியாது. பேனியாபாக் நிலத்தடி நிறுத்தத்தில் விட்டுவிட்டு, அப்பா அம்மாவை மின்ரிக்‌ஷாவில் ஏற்றி விடுங்க. தங்கும் இடத்தைப் பதியும்போதே, கார் எங்கே நிற்கும், அங்கிருந்து எத்தனை படி நடக்கணும் என்று போனில் கேட்டு வைத்துக்கோங்க.