சரிவின் விளிம்பில் பார்த்தவை: ஆழ்கடல் திமிங்கிலங்களும் ஓங்கல்களும்

வள்ளவிளை, ஆழ்கடல் மீனவர்

எங்கள் ஊரிலிருந்து கரையோடு நடந்தால் மார்த்தாண்டன்துறை, நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். இந்தப் பக்கத்து எட்டு ஊர்க்காரர்களும் சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள் என்பதால், திமிங்கிலத்தைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் இங்கே எவரும் வியப்பதில்லை. எங்கே பார்த்தாய் என்றுதான் கேட்பார்கள். நெடுங்காலமாக என்னோடு இருக்கும் கேள்வியும் அதுதான். உங்கள் அனுபவங்களையும் அறிய விரும்பி, என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

ஒரு மாசி மாதம். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியில் தரை நாற்பது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), ஐம்பது பாகம் என்று மெதுவாக இறங்கிக்கொண்டே வந்து, நூறு பாகத்தைத் தாண்டியதும் மலையின் விளிம்பிலிருந்து விழுவது போலச் சரிந்தது. நாங்கள் தூண்டில் போட்டது அந்தச் சரிவுக்கு மேலேதான். பகலில் கருவியில் முந்நூறு பாகத்துக்கு அருகே மங்கலான ஒரு பட்டை தெரிந்தது. தரை அதற்கும் மிகவும் கீழே இருந்தது. பொழுது சாயத் தொடங்கியதும் அந்தப் பட்டை புகை எழுவது போல மேலே ஏறி வந்தது. படகில் மூத்தவர் அதைப் ‘பொய்த்தரை’ என்றார். இரவில் விளக்கைத் தண்ணீரின் மேல் பிடித்தபோது பொய்த்தரையின் உண்மை தெரிந்தது. விரல் நீள மீன்களும் இறாலும் அவற்றை விரட்டி வந்த கணவாயுமாகத் தண்ணீர் கொதித்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழ்த்தட்டில் படுத்திருந்தேன். பலகையில் காதை வைத்தபோது டக், டக், டக் என்று தச்சர் சுத்தியலால் தட்டுவது போல, மாறாத இடைவெளியில் ஓர் ஒலி கேட்டது. எஞ்சின் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. விடிந்ததும் காரணம் தெரிந்தது. படகிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று மிதந்தது. அதன் மூச்சு நேராக எழாமல் முன்பக்கமாக இடப்புறம் சாய்ந்து பீய்ச்சியது. மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்புறத்தில் இருப்பதால் வரும் அடையாளம் அது. பக்கத்தில் ஒரு குட்டி கிடந்தது. சற்று நேரத்தில் பெரியது வாலை முழுவதுமாகத் தூக்கி நேர் கீழே இறங்கிவிட, வேறொன்று வந்து குட்டியின் அருகே நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து முதலில் போனது ஏறக்குறைய அதே இடத்தில் எழுந்தது. இறங்கத் தெரியாத குட்டியை மாறி மாறிக் காத்துக்கொண்டு அவை இரை தேடின என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். அந்த இடத்தை விட்டு அவை நகராததற்குக் காரணம் வெறும் ஆழம் அல்ல என்று எனக்கு அன்றே தோன்றியது. ஆழமான கடல் எங்கும் இருக்கிறது. சரிவும், அதில் மோதும் நீரோட்டமும், கணவாய்த் திரளும் ஒன்றாகச் சேரும் இடம் எங்கும் இல்லை.

களியக்காவிளை, கல்லூரி விலங்கியல் ஆசிரியை

அண்ணன் சொன்னது சரி. அதன் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது மூன்று மாணவியரோடு அங்கே போயிருந்தேன். அவை பெயரில்தான் திமிங்கிலம். குடும்பத்தால் ஓங்கல், அதாவது டால்பின் இனம். வெயிலில் காய்ந்து சுருங்கிய அந்தக் கறுத்த தோலின் மேல் ஊர்ப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மீனவர்கள் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டவற்றுள் பல, கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் கரைக்கே திரும்பின. 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. சரிவில் கணவாய் தேடி வாழும் விலங்குக்கு மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற, மெல்லச் சாயும் மணற்கரை அந்நிய நிலம். அனுப்பும் ஒலி திரும்பி வருவதைக் கொண்டு வழி அறியும் உயிருக்கு அத்தகைய கரை தெளிவான எதிரொலியைத் தராது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று.

மூச்சுக் கணக்கையும் நாம் மறந்துவிடக் கூடாது. காற்று மேலே, உணவு கீழே. தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் சேர்த்துவைக்கும் ஆக்சிஜனைக் கொண்டு போய்வர வேண்டியிருப்பதால், இறங்கும் ஒவ்வொரு முறையும் செலவுக்கு ஏற்ற வரவு கிடைத்தாக வேண்டும். இரை சிதறிக் கிடக்கும் நீர் அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. அலகுத் திமிங்கிலங்களுள் ஒரு வகை கலிபோர்னியாவுக்கு அப்பால் 2,992 மீட்டர் வரை இறங்கியதாக 2014இல் பதிவாயிற்று. அந்த வகைக்கே 222 நிமிடம் மூச்சடக்கிய பதிவும் உண்டு. அத்தகைய உயிர்கள் செங்குத்தான சரிவுகளையும் கடலடிப் பள்ளத்தாக்குகளையும் நாடுவதில் வியப்பில்லை. இலங்கையின் திருகோணமலையில் பள்ளத்தாக்கு துறைமுகத்தின் வாயில் வரை வந்துவிடுவதால், கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே எண்ணெய்த் திமிங்கிலங்கள் தென்படுகின்றன. நமக்கோ கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டத்திட்டு அகலம். அதனால் அண்ணனைப் போல நெடுந்தூரம் ஓடித்தான் பார்க்க முடிகிறது.

வெப்பமும் ஒரு வரம்பு. எண்ணெய்த் திமிங்கிலத்தில் பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடல்களிலேயே தங்குகின்றன. வளர்ந்த ஆண்கள் துருவப் பக்கத்துக் குளிர்க்கடல்கள் வரை போகின்றன. அண்ணன் பார்த்தது தாய்மாரின் கூட்டமாகத்தான் இருந்திருக்கும்.

பாறசாலை, விழிஞத்தில் வளர்ந்தவர்

நான் உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. 2022 ஜூலையில் விழிஞம் மீனவர்கள் கடலில் மிதந்த 28 கிலோவுக்கும் மேற்பட்ட அம்பர் கட்டியைக் கண்டெடுத்து, விற்க முயலாமல் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அதன் விலையைப் பற்றித்தான் ஊரே பேசியது. டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. கணவாயின் கொக்கி போன்ற அலகு செரிக்காமல் எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் தங்கி, அதைச் சுற்றி உருவாவதே அம்பர். அப்படியானால் அந்தக் கட்டி, எங்கோ ஒரு சரிவில் அந்த விலங்கு தின்று தீர்த்த கணவாய்களின் மிச்சம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வள்ளவிளை, ஆழ்கடல் மீனவர்

டீச்சருக்கும் தம்பிக்கும் நன்றி. பருவத்தைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தக் கரையில் மீன்பிடித் தடை. ஆகஸ்டில் முதல் ஓட்டம் போகும்போது தண்ணீர் பச்சையாக இருக்கும். வாளியில் கோரிக் கையை விட்டால் சில்லென்று இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, கீழிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் ஏறி வருவதால் நேர்வது அது. அந்தச் சத்தில் நுண்ணுயிர் பெருகி, அதைத் தின்ன வருபவற்றைத் தின்னக் கணவாய் பெருகுகிறது. கரையிலிருந்து காணமுடியாத திமிங்கிலத்தின் சோறும் நம் வலையில் விழும் கணவாயும் ஒரே உலையில் வேகின்றன என்றே நான் நம்புகிறேன்.

லட்சத்தீவின் மினிக்காய்க்கு அருகே வேறு விதம். அங்கே தீவே கடலடி மலையின் உச்சி என்பதால், பவளப்பாரை விட்டு விலகியதும் ஆழம் தொடங்கிவிடும். ஒருமுறை அங்கே மழுங்கிய தலையும் சாம்பல் உடலும் கொண்ட ஓங்கல்கள் படகை ஒட்டிச் சென்றன. தேங்காய் துருவி இழுத்தது போல உடலெங்கும் வெள்ளைக் கீறல்கள். ஒன்றையொன்று பல்லால் உரசியதாலும் கணவாயோடு போராடியதாலும் ஏற்பட்ட தழும்புகள் அவை. வயது கூடக் கூட வெளுத்துக்கொண்டே போகும். ரிசோ ஓங்கல் என்று அதற்குப் பெயர். சரிவின் மேற்பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். எண்ணெய்த் திமிங்கிலம் அதற்கும் கீழே போகும்.

என்னை வருத்துவது இரைச்சல். ஒலியால் இரை தேடுபவற்றுக்குக் கப்பலின் ஓசை கண்ணில் விழும் புகை போன்றது. விழிஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு, மாபெரும் சரக்குக் கப்பல்கள் நம் சரிவைக் கடந்தே உள்ளே வருகின்றன. அவற்றின் வழி எது, திமிங்கிலங்களின் வழி எது என்று குறித்து வைக்க ஆள் வேண்டும். அதனால் இப்போது படகில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாள், இடம், பாகம், நீரின் நிறம், குட்டி உண்டா இல்லையா என்று ஐந்து பத்தி. நீரோடி, தூத்தூர் படகுக்காரர்கள் நால்வரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். டீச்சர், அடுத்த ஓட்டம் முடிந்து தேங்காய்ப்பட்டணத்தில் அணைந்ததும் நோட்டை உங்களிடம் கொண்டுவந்து தருகிறேன்.