கண்டக்டர் என்பதற்குப் ‘பல்லியக்கோலர்’

அன்புடையீர்,

தாளக்கருவி வாசிப்பு, இசைக்குழுவை நடத்துதல், கற்பித்தல் ஆகிய மூன்றையும் ஒருவரே தொழிலாகக் கொண்டிருந்தால், அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது நடுவிலுள்ள, ஆங்கிலத்தில் கண்டக்டர் எனப்படும் பணிக்கு மட்டும் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறோம். முதலாவதற்குத் தாளக்கருவியாளர் போதும். தோற்கருவியாளர் என்றால் சைலபோனும் ஜால்ராவும் விடுபட்டுவிடும். கற்பிப்பவர் ஆசிரியர், எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் ஆசான்.

இப்பணிக்கு நண்பர் ஒருவர் முன்வைத்த ‘இசை நடத்துநர்’ பேருந்தைத்தான் நினைவூட்டுகிறது. இயக்குநர் என்ற சொல்லைத் திரைப்படம் எடுத்துக்கொண்டுவிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்து மற்றொருவர் காட்டிய ‘தண்ணுமை முதல்வன்’ (தண்ணுமை ஒரு தோற்கருவி) எனக்கும் மிகப் பிடித்த சொல்லே. ஆயினும் அங்கே குழல்வழி யாழும், யாழ்வழித் தண்ணுமையும், தண்ணுமையின் பின்வழி முழவும் நிற்கின்றன; தண்ணுமையாளர் முழவுக்கு முன்செல்கிறாரே தவிர, குழலையும் யாழையும் தம் குறிப்பால் நடத்துவதாக அவ்வரிகள் கூறவில்லை. மேலும், இசைக் கல்லூரியில் கற்பிக்கும் ஒருவரை முதல்வர் என்று எழுதினால், கல்லூரிக்கே அவர்தான் தலைவர் என்று படிப்பவர் கொள்வார்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசி வளர்ந்த எனக்கு, இந்தப் பணியின் முழு உருவமாகத் தெரிந்தவர் கேரளச் செண்டைமேளத்தை முன்நின்று நடத்தும் பிரமாணிதான். பஞ்சாரி என்னும் மேளவகை, ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கி 48, 24, 12, 6 என்று காலந்தோறும் (வேகக்கட்டந்தோறும்) பாதியாகச் சுருங்கும்போது, கைத்தாளமான இலைத்தாளமும், ஊதுகருவிகளான கொம்பும் குறுங்குழலும் ஒரு நொடி பிசகாமல் அடுத்த காலத்துக்குள் நுழைவதற்கு, முன்வரிசையின் நடுவில் தாமும் வாசித்தபடி நிற்கும் அவருடைய குறிப்பே காரணம். ‘பிரமாணி’யையே எடுத்துக்கொள்ளலாமே என்று முதலில் எண்ணினேன். தமிழகத்தாருக்கு அது பிரமாணப் பத்திரத்தை நினைவூட்டும் என்பதால் கைவிட்டேன்.

பல இசைக்கருவிகள் சேர்ந்தொலிப்பதைக் குறிக்கப் பல்லியம் என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு சங்கப் புலவரின் பெயரே உண்டு. அதனோடு கோலைச் சேர்த்துப் ‘பல்லியக்கோலர்’ எனலாம் என்பது என் முன்மொழிவு. பிரமாணியின் கையிலிருப்பதும் கோல். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் இசையமைப்பாளர் லுல்லி தரையில் தட்டித் தாளம் தந்ததும் நீண்ட கோலால்தான். ஆண், பெண் இருபாலருக்கும் இச்சொல் பொருந்தும். ‘கோலோச்சினார்’ என்ற வினையும் ஆயத்தமாக இருக்கிறது. வினை தராத கலைச்சொல் கட்டுரையைத் தாண்டிப் பேச்சுக்கு வருவதில்லை.

வெறுங்கையால் நடத்துவோரும் உண்டே என்று கேட்கலாம். செங்கோலைப் போல, இங்கும் கோல் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அதிகாரத்தின் குறி. ஆனால் தாளக்கருவியில் மேதை என்பதற்காக மட்டும் எவருக்கும் இப்பெயரைச் சூட்டக்கூடாது. 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலக்காடு மணி ஐயர் மிருதங்கக் கலைஞர். பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன் ஆகியோருக்கு ஆசிரியர். கச்சேரியில் பாடகரைத் தொடர்ந்து வாசித்த அவரைக் கோலர் என்பது பிழையாகும்.

நாம் எடுத்துக்கொண்ட வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியை இனி இப்படி எழுதலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்: “இவர் தாளக்கருவியாளர், பல்லியக்கோலர், ஆசிரியர்.”

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து